பொங்கலுக்குப் பிறகு காட்டில் என்ன வேலை?

கேள்வி இதுதான்: "காங்கேயம் பக்கத்தில் நாலு ஏக்கர் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். இரண்டு ஏக்கர் கிணற்றுத் தோட்டம், இரண்டு ஏக்கர் கொரங்காடு (மேய்ச்சலுக்கு விட்ட மானாவாரி நிலம்). ஒரு மாடு, கன்று, எட்டுச் செம்மறி, கொஞ்சம் கோழி, ஏழெட்டுத் தென்னை, இரண்டு புளியமரம். இங்கிலாந்தில் சின்னப் பண்ணை வைத்திருப்பவர்களின் காணொளிகளைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. அவர்கள் குளிர் போனதும் விதைப்பு, நாற்று என்று இறங்குகிறார்கள். இங்கே பொங்கல் முடிந்ததும் 'இனி ஆடிக்குத்தான்' என்கிறார்கள். தை முதல் பங்குனி வரை நாங்கள் என்ன செய்வது? காய்கறி போடலாமா?"

வீட்டுச் சமையலுக்கு இரண்டு பாத்தி போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இந்த மூன்று மாதம் விதைக்கிற காலம் அல்ல, சேர்த்து வைக்கிற காலம். அதற்காக 'இனி ஆடிக்குத்தான்' என்கிறவர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன ஆளின் வீட்டுக்கு விடியற்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், கட்டில் காலியாக இருக்கும்.

முதலில் அந்தக் காணொளி விஷயத்தை முடித்துவிடுவோம். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மண்ணில் ஈரத்துக்குக் குறைவே இல்லை, சேறாகக் கிடக்கும். இல்லாதது சூடு. மண் 5, 6 டிகிரியைத் தாண்டினால்தான் புல்லே தலை தூக்கும். ஆகவே சூடு வந்த உடனே எல்லாம் ஒன்றாகக் கிளம்புகிறது. ஆடுகள் மார்ச், ஏப்ரலில் குட்டி போடுகிற மாதிரிக் கிடா சேர்ப்பதுகூட அந்தப் புல்லை எதிர்பார்த்துத்தான். நமக்குச் சூட்டுக்கு என்றைக்கும் பஞ்சம் இல்லை. ஈரம்தான் கணக்கு. காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆண்டு மழையே 600 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். மார்கழிக்கு மேல் மண்ணில் என்ன நிற்கிறதோ, கிணற்றில் என்ன கிடக்கிறதோ அவ்வளவுதான். வெயில் ஏற ஏற அது குறையும். அவர்களுக்குச் சூடு ஏறுவது வரவு, நமக்குச் செலவு.

இன்னொன்றையும் அந்தக் காணொளிகளில் கவனித்திருக்க மாட்டீர்கள். அங்கே ஏப்ரல், மே மாதத்தில்தான் தோட்டத்தில் சாப்பிட ஒன்றும் இருக்காது. சேர்த்து வைத்த கிழங்கு தீர்ந்திருக்கும், புதிதாக விதைத்தது காய்த்திருக்காது. அதற்குப் 'பசி இடைவெளி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு இடைவெளி உண்டு, வைகாசி முதல் ஆடி வரை. மாட்டுக்கு, ஆட்டுக்கு, கிணற்றுக்கு எல்லாவற்றுக்கும். இந்த மூன்று மாதமும் நீங்கள் செய்யப்போவது அந்த நாட்களுக்கான ஏற்பாடு.

அடுத்தது பனி. பழைய கணக்கில் மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரையில்தான் இளவேனில். இரவின் முன்பாதியில் இறங்குவது முன்பனி, விடியும் பக்கம் இறங்குவது பின்பனி. பங்குனி வெயிலில் நின்றுகொண்டு பனிக்காலம் என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். தையில் எட்டு மணிக்கே போர்வையின் மேல்பக்கம் நமத்துப் போகும். மாசி பாதியில் நடுச்சாமம் வரை புழுக்கம், மூன்று மணிக்கு மேல்தான் போர்வையைக் கை தேடும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சிவராத்திரிக்குக் குளிர் 'சிவ சிவா' என்று கிளம்பிவிடும் என்பது எங்கள் அப்பாரு வாயில் வருவது. கிளம்புவது என்னவோ உண்மைதான், ஒரே நாளில் கிளம்பாது. விடியற்காலம் 20 டிகிரியை ஒட்டி, மதியம் 33, 34 என்று ஒரு மாதம் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

இந்தப் பனியை வைத்துத்தான் அறுவடை. கொள்ளு முற்றிக் காய்ந்துவிட்டால் வெயிலில் கையே வைக்க முடியாது. தொட்டால் நெற்று வெடித்து மணி மண்ணோடு போய்விடும். விடிவதற்கு முன்னால், செடி பனியில் நமத்து இருக்கும்போது, வேரோடு பிடுங்கிச் சின்னச் சின்னக் குவியலாக வைத்துவிட வேண்டும். ஏழரை மணிக்கு வேலை முடிந்தது. பிறகு களத்தில் நன்றாகக் காய விட்டு, உச்சி வெயிலில் அடித்தால் மணி தானாகப் பிரியும். முந்தைய உடைமைக்காரர் கொள்ளு போட்டுவிட்டுப் போயிருந்தால் தைக்குள் பிடுங்கிவிடுங்கள். உடுமலைப் பக்கம் கரிசலில் கொண்டைக்கடலை போடுகிறவர்களும் இதே கதைதான். அந்தச் செடி மண்ணில் நிற்கும் ஈரத்திலும் பனியிலுமே வந்துவிடுகிற பயிர். அதன் இலை முழுக்கப் புளிப்பு. விடியற்காலம் அதற்குள் வெறுங்காலோடு நடந்தால் கெண்டைக்காலில் எரிச்சல் எடுக்கும். ராத்திரி செடியின் மேல் வெள்ளைத் துணியை விரித்து வைத்து, காலையில் அந்தப் பனியைப் பிழிந்து எடுத்து வயிற்று வலிக்கு மருந்தாக வைத்திருந்தது ஒரு காலம்.

பனி கெடுப்பதும் உண்டு. வீட்டு ஓரம் மாமரம் இருந்தால் இப்போது பூவாக நிற்கும். இரவு ஈரமும் பகல் சூடும் மாறி மாறி வந்தால் பூங்கொத்தில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாகப் படரும், பூ கொட்டும். நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலையிலோ சாயங்காலமோ தெளித்தால் போதும், மதிய வெயிலில் தெளித்தால் பூ கருகும். பூவில் தண்ணீர் கட்டாதீர்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு பாய்ச்சலாம். காங்கேயத்தைச் சுற்றி இருக்கும் கொப்பரைக் களங்களைச் சாயங்காலம் பார்த்தீர்கள் என்றால், காய்ந்துகொண்டிருக்கும் பருப்பை எல்லாம் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருப்பார்கள். கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்குள் வர வேண்டும். பகல் முழுக்கக் காய்ந்ததை ஒரு ராத்திரிப் பனி திரும்ப நனைத்துவிடும்.

சரி, தீவனத்துக்கு வருவோம். இந்த மூன்று மாதத்தில் நீங்கள் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காங்கேயம் மாடு ஒன்றுக்கு நாளைக்கு 6, 7 கிலோ காய்ந்த தட்டு (கதிர் அறுத்த சோளத்தின் தண்டும் இலையும்) வேண்டும், மேய்ச்சல் இல்லாத நாளில். மாசியிலிருந்து ஆடி வரை 180 நாள் என்று வையுங்கள், ஒரு மாட்டுக்கே 1,200 கிலோ வாக்கில் போகிறது. ஆடிக்குப் பிறகும் மழை பெய்து புல் முளைத்து வாயில் அகப்பட ஒரு மாதம் ஆகும். செம்மறிக்குக் காட்டில் ஏதாவது கிடைக்கும் என்றாலும் சித்திரை, வைகாசியில் தலைக்கு நாளைக்கு அரைக் கிலோவாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சோளத்தட்டு போதாது என்று தெரிந்தால் இப்போதே வாங்குங்கள். தையில் அறுப்பு நடக்கும்போது இருக்கும் விலை வேறு, வைகாசியில் சொல்லும் விலை வேறு.

தட்டை அறுத்த அன்றே போர் வைக்கக் கூடாது. அறுத்துக் காட்டிலேயே விரித்துவிட்டு, தினமும் பனி காய்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல், ஒரு புரட்டுப் புரட்ட வேண்டும். தண்டைக் கணுவுக்குப் பக்கத்தில் மடக்கிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் கட்டலாம். கட்டுவதற்கு மட்டும் விடியற்காலம் நல்லது, சோகை, அதாவது காய்ந்த இலை, பனியில் நமத்திருக்கும், பொடியாக உதிராது. ஆனால் கட்டிய கட்டுகளைச் செங்குத்தாக ஒன்றோடு ஒன்று சாய்த்து நிறுத்தி, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டிய பிறகுதான் போர். அடியில் கல் பரப்பி அதன் மேல் விறகு போட்டு, தரைக்கும் தட்டுக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். கறையான் இரண்டு மாதத்தில் அடித்தட்டு முழுக்க மண்ணாக்கிவிடும். ஈரத்தோடு போர் வைத்தால் உள்ளே சூடு ஏறிப் பூசணம் பிடிக்கும், அதைத் தின்னும் மாட்டுக்கு வயிறு கெடும்.

ஒரு எச்சரிக்கை, என் கைக்காசு கொடுத்துக் கற்றது. சோளம் அறுத்த கட்டையில் மாசி மாதம் ஒரு தூறல் விழுந்தால் போதும், பச்சையாகத் துளிர்க்கும். சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும்போது அந்தப் பச்சை ஆட்டை இழுக்கும். நம்மையும் ஏமாற்றும், 'அட, நாலு வாய் பச்சை கிடைக்கிறதே' என்று. அந்தத் துளிரில் சயனைடு இருக்கும். முழங்கால் உயரத்துக்குக் கீழே நிற்கும் இளஞ்சோளம், தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் சோளம், அறுத்த கட்டைத் துளிர், மூன்றும் ஒன்றுதான். படல் சரியாகக் கட்டாத ஒரு நாள் என் ஆடுகள் உள்ளே போய்விட்டன. நான் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் ஒன்று மூச்சு இரைத்துக்கொண்டு நிற்கிறது, இரண்டு கீழே கிடக்கின்றன. நின்ற ஆட்டைத்தான் மருத்துவர் ஊசி போட்டுக் காப்பாற்ற முடிந்தது. பூத்து முதிர்ந்த தட்டில் இந்த விஷம் குறைந்துவிடும், நன்றாகக் காயவைத்தால் பயமே இல்லை. ஆகவே கட்டைக் காட்டை உடனே உழுது போடுங்கள், இல்லையென்றால் ஆடு நுழையாமல் அடைத்து வையுங்கள்.

போரை வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் தள்ளி வையுங்கள், வேலி ஓரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பங்குனியில் பக்கத்துக் காட்டில் யாராவது காய்ந்த குப்பைக்கு நெருப்பு வைப்பார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. போரைச் சுற்றி நாலு அடி அகலத்துக்கு ஒரு புல் இல்லாமல் செதுக்கி விட்டால் பாதிப் பயம் போயிற்று.

கொரங்காட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நிலத்தில் அதுதான் பொக்கிஷம் என்பேன். கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த நிலம். காங்கேயம் மாடு இந்த மாதிரிக் காட்டில் உருவான மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்தது ஊரறிந்த வரலாறு. 'சும்மா கிடக்கிறதே, டிராக்டர் விட்டு உழுது காய்கறி போடலாம்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தையில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். காய்ந்தாலும் அது தீவனம்தான், நின்ற நிலையில் இருக்கும் போர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டை இரண்டாக மறித்து, ஒரு பாதியைச் சித்திரை வரை திறக்காதீர்கள். தூர் தெரியும் அளவுக்கு ஆட்டை மேய விட்டால் அடுத்த மழைக்குப் புல் எழுந்திருக்காது. சித்திரை வாக்கில் வெள்வேலங்காய் உதிர ஆரம்பித்தால் ஆட்டுக்கு அதுவே சத்துத் தீனி. காயைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு போட்டு, மரமும் தானாக முளைக்கும்.

வேலியைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. கிளுவை இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். மழைக்காலத்தில் இலை மறைத்த பொத்தல் எல்லாம் இப்போது பளிச்சென்று தெரியும். முள் வெட்டி அடைத்து வையுங்கள்.

மாட்டுக்குப் பெரிய வேலை இல்லை. கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருந்து, ஆறு மாதம் வாக்கில் சாம்பல் வெள்ளைக்கு மாறும். நிறம் மாறுகிறதே என்று பயந்துவிடாதீர்கள், போன வருடம் ஒருவர் அதற்காகவே கன்றை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். கோமாரித் தடுப்பூசி முகாம் ஆண்டுக்கு இரண்டு முறை வரும், தேதியை விட்டுவிடாதீர்கள். உண்ணி வெயில் ஏற ஏறப் பெருகும். காது மடல், வால் அடி, மடிப் பக்கம் தடவிப் பாருங்கள்.

ஆட்டுக்குட்டிதான் பனியில் அடி வாங்கும். பிறந்து பத்து நாள் ஆகாத குட்டியைத் தைப் பனியில் திறந்த பட்டியில் விட்டால் காலையில் சளி பிடித்து மூக்கு ஒழுக நிற்கும். மூங்கில் குடாப்புக்குள் (கவிழ்த்து வைக்கும் பெரிய கூடை) விட்டு மேலே சாக்கு போடுங்கள், அடியில் காய்ந்த சோகை. காலையில் பட்டியை ஆறு மணிக்கே திறக்கும் பழக்கம் வேண்டாம். புல் மேல் பனி இருக்கும் வரை ஆட்டை மேய விடாமல், எட்டரை, ஒன்பதுக்குத் திறந்தால் குடல்புழுத் தொந்தரவும் குறைகிறது. அந்தப் புழுக்களின் குஞ்சு ஈரத்தில்தான் புல் நுனிக்கு ஏறும். தோட்டத்தில் அறுப்பு முடிந்த இடத்தில் ராத்திரி பட்டியை வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை படலை நகர்த்தி நகர்த்தி வைத்தால், சித்திரைக்குள் எட்டு ஆடு உங்களுக்கு நாலைந்து சென்ட்டுக்கு எரு போட்டிருக்கும். காய்கறிப் பாத்திக்கு அது தாராளம்.

கோழி அடை வைக்கத் தை, மாசி நல்ல காலம். 21 நாளில் குஞ்சு. பங்குனி கடைசியில் வைத்தால் பாதி கூமுட்டை, முட்டை சூட்டில் கெட்டுவிடும். தையில் பொரித்த குஞ்சு பங்குனியில் கொஞ்சம் தேறிவிடும். வெள்ளைக்கழிச்சல் நோய் வெயில் காலத்தில்தான் ஊர் ஊராகச் சுற்றும். ஏழாம் நாள் கண், மூக்கில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. இது இரண்டையும் செய்யாதவர்கள்தான் சித்திரையில் 'கூண்டோடு போச்சு' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

இனி மரங்கள். வசந்தம் என்று ஒன்று நம் பக்கம் வருகிறது என்றால் அது மரத்துக்குத்தான் வருகிறது. பயிரின் வேர் ஒரு முழ மண்ணில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மரத்தின் வேர் ஐப்பசி மழை இறங்கிய ஆழத்தில் இருக்கிறது. மாசியில் வேம்பு மொத்த இலையையும் மஞ்சளாக்கிக் கொட்டும். புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்து மரம் சாகிறது என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒன்றும் வேண்டாம். பத்துப் பதினைந்து நாளில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும், பங்குனியில் பூக்கும். கீழே ஒரு பழைய சேலையை விரித்து வைத்தால் வருடத்துக்கு வேண்டிய வேப்பம்பூ கிடைத்துவிடும். ஆனி, ஆடியில் பழம் கொட்டும்போது கொட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். கொட்டிய இலையை எரிக்காதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். புங்கனும் இதே மாதிரிதான், ஒரு வாரம் மொட்டை, அடுத்த வாரம் கண்ணைக் கூசுகிற பச்சை. குயில் கத்த ஆரம்பிப்பதும் இந்தச் சமயம்தான். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகள் பங்குனி, சித்திரையில் ஒரு நாள் காணாமல் போயிருக்கும், வடக்கே கிளம்பியிருக்கும்.

இரண்டு புளியமரம் என்றீர்கள். அது சின்னச் சொத்து அல்ல. பழுத்ததா என்று பார்க்க ஒரு காயைப் பறித்து நகத்தால் தட்டுங்கள். உள்ளே சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருந்தால் வெற்று டப்பாவைத் தட்டிய மாதிரிச் சத்தம் வரும். செங்காய் என்றால் சத்தமே வராது, ஓடும் சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாசி, பங்குனியில் உலுக்கலாம். ஏறுகிற ஆள் கிளையில் நின்று உலுக்க வேண்டும், எட்டாத இடத்துக்குத் துரட்டி. மூங்கிலால் அடிக்க விடாதீர்கள், நுனிக் கொம்பு ஒடிந்தால் அடுத்த காப்பு குறையும். நாலு நாள் வெயிலில் காயவைத்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். கொட்டை எடுப்பதை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலை ஈரத்தில் புளி பிசுபிசுவென்று விரலோடு வரும், கொட்டையைப் பிதுக்கவே முடியாது. எடுத்ததை மறுபடி ஒரு வெயில் காட்டி, கல்லுப்பு தூவி, மண்பானையில் அமுக்கி வைத்தால் வருடம் தாங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை: முதல் வருடம் மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுங்கள், வீட்டுக்கு இருபது கிலோ பழம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு. புளியமரத்தில் ஏறுவது பழகின ஆள் செய்ய வேண்டிய வேலை. கீழே நின்று அவர்கள் செய்வதைப் பாருங்கள்.

முருங்கை இரண்டு மூன்று கொம்பு நட்டிருக்கிறீர்களா தெரியவில்லை. மார்கழி, தையில் முருங்கைக்காய் விலை வானத்தில் இருக்கும், ஏனென்றால் குளிரில் பூ கொட்டிவிடும், காய் வராது. மாசியில் பூத்துப் பங்குனியில் காய்க்க ஆரம்பித்தால் மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கமிருந்து லாரி லாரியாக இறங்கும். அப்போது உங்கள் வீட்டு மரமும் காய்க்கும், யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அதுதான் முருங்கையோடு நம் பிழைப்பு.

தென்னைக்கு இப்போதே மூடாக்குப் போட்டுவிடுங்கள். வட்டப்பாத்தி மரத்திலிருந்து ஆறு அடி வரை இருக்கட்டும். ஒரு மரத்துக்குத் தேங்காய் உரித்த மட்டை 100, குழிந்த பக்கம் கீழே, முதுகு மேலே இருக்கும்படி பரப்ப வேண்டும். மட்டை இல்லையென்றால் காய்ந்த ஓலை பதினைந்தை வெட்டிப் போடலாம். அதற்கு மேல் அந்த வேப்பிலை, புங்கன் இலை எல்லாம் வாரிக் கொட்டுங்கள். எரிக்க வேண்டாம் என்றது இதற்குத்தான். பங்குனி மதியத்தில் மூடாக்கை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள், கீழே குளுகுளுவென்று இருக்கும். மூடாக்கு இல்லாத மரத்தடியில் கை வைக்க முடியாது.

கிணற்றுக்கு ஒரு கயிறு. நுனியில் கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அமாவாசைக்கு அமாவாசை விட்டுப் பார்த்து நாள்காட்டியில் எழுதுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். தையிலிருந்து மாசிக்கு எத்தனை முழம் இறங்கியது என்று தெரிந்தால் சித்திரையில் எவ்வளவு இருக்கும் என்று கையில் கணக்கு வந்துவிடும். இது தெரியாமல் காய்கறிக்கு ஒரு ஏக்கர் போட்டவர்கள், பூ வருகிற நேரத்தில் தண்ணீர் லாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். கிணறு இறங்குகிறது என்று உடனே ஆழ்துளைக் கிணறு போடவும் ஓடாதீர்கள். ஒரு வருடக் கணக்கு கையில் இருக்கட்டும்.

அப்புறம், விதைக்க என்னதான் வழி? கயிற்றுக் கணக்கு இடம் கொடுத்தால் மாசிப் பட்டத்தில் அரை ஏக்கர் எள் போடலாம். ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும், நாலு பங்கு மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும், தண்ணீரும் அதிகம் கேட்காது. அடிக்காய் மஞ்சளானதும் அறுக்க வேண்டும், அதுவும் கொள்ளு மாதிரி விடியற்காலத்தில்தான். வீட்டுப் பாத்தியில் கீரை, கொத்தவரை, வெண்டை. குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் சுரையும் பீர்க்கனும் இரண்டிரண்டு குழி, பந்தலைக் கோழிக்கூண்டு மேல் ஏற்றிவிட்டால் கோழிக்கும் நிழல். மயில் கூட்டம் வரும். முளை விடும்போது பழைய வலையைப் போட்டு மூடாவிட்டால் நீங்கள் விதைத்ததற்கு அடையாளமே இருக்காது.

பங்குனி கடைசியிலோ சித்திரையிலோ ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்து, காற்றடித்து, மண் வாசனையோடு ஒரு கோடை மழை விழும். அரை மணி நேரம்தான். மறுநாள் கால் வைத்துப் பார்த்து, மண் ஒட்டாமல் பொலபொலவென்று இருந்தால் தோட்டத்தை உழுதுவிடுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும், அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மா சொல்லவில்லை. மண்ணுக்குள் இருக்கும் கூண்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் காக்கை வாயிலும் போகும். கொரங்காட்டுப் பக்கம் மட்டும் ஏரைத் திருப்பாதீர்கள்.

அதே சித்திரையில் வெள்ளகோவில் பக்கத்துக் கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாடுகளை வரிசை வரிசையாகப் பார்க்கலாம், பார்த்தால் இன்னொன்று வாங்கலாமே என்று தோன்றும், எல்லோருக்கும் தோன்றுவதுதான். கிளம்புவதற்கு முந்தின நாள் தட்டுப்போரில் எத்தனை கட்டு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போங்கள்.